பாங்காக்கில் எந்தச் சந்தைக்கு எப்போது போகலாம்?

கேள்வி இது: "நானும் மனைவியும் பாங்காக் போகிறோம். வியாழன் காலை இறங்கி, திங்கள் இரவு திரும்புகிறோம். ஈரோட்டில் சின்னதாக ஒரு ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறோம். சந்தைகளையும் கடைத்தெருக்களையும் நிதானமாகச் சுற்றிப் பார்க்க ஆசை. கடைக்கும் கொஞ்சம் சரக்கு பார்க்க வேண்டும். எங்கே போவது, எப்படிப் பேரம் பேசுவது? இருவரும் சைவம்."

பாங்காக்கைப் பொறுத்தவரை எங்கே போவது என்பதைவிட எப்போது போவது என்பதுதான் முக்கியம். அங்கே ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு நேரம் இருக்கிறது. பூச்சந்தை நள்ளிரவுக்கு மேல்தான் சூடு பிடிக்கும். சதுசாக் சந்தை முழுசாகத் திறப்பது சனி, ஞாயிறு மட்டும். யாவரத் தெருவில் பகலில் நகைக்கடைகள், பொழுது சாய்ந்ததும் சாப்பாட்டுக் கடைகள். சாம்பெங் சந்தில் ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் பூட்டியிருக்கும். திங்கட்கிழமை யாவரத்தில் பல தள்ளுவண்டிகள் வராது. இது தெரியாமல் போனால் நல்ல சந்தையின் வாசலில் நின்று மூடிய ஷட்டரைப் பார்த்துவிட்டு, கடைசியில் ஏதாவது ஒரு ஏசி மாலில் போய் உட்கார வேண்டியதுதான்.

உங்கள் கிழமைகள் நன்றாகவே அமைந்திருக்கின்றன. வியாழன் பகலில் தூங்கி எழுந்து மாலை யாவரத், அப்படியே நள்ளிரவில் பூச்சந்தை. வெள்ளி முழுக்க சாம்பெங்கும் அதை ஒட்டிய துணிச் சந்தையான பஹுரத்தும். சனி காலை சதுசாக். ஞாயிறு ஓய்வாக. திங்கள் காலை பிரதுனாம் உடுப்புச் சந்தை. துணி மூட்டையைக் கடைசி நாளில் வாங்கினால் ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

யாவரத் என்பது பாங்காக்கின் சீனர் தெரு. 1782-ல் முதலாம் ராமா மன்னர் புதிய தலைநகருக்கு அரண்மனை கட்ட இடம் தேர்ந்தபோது அங்கே குடியிருந்த சீன வணிகர்களைத் தெற்கே நகர்த்தினார்கள். அவர்கள் போய் உட்கார்ந்த இடம்தான் சாம்பெங். யாவரத் சாலை அதற்கு நூறு வருடங்களுக்கும் மேல் பிந்தி, ஐந்தாம் ராமா காலத்தில் போட்டது. சுமார் ஒன்றரை கிலோமீட்டர்தான், ஆனால் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகும். 2019-ல் மெட்ரோ வந்துவிட்டதால் இப்போது வாட் மங்கோன் ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் போதும்.

அங்கே வரிசையாக இருக்கும் நகைக்கடைகளை உங்கள் மனைவி பார்க்காமல் வர மாட்டார் என்பதால் ஒரு கணக்கு சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் பணத்தைப் போலவே தங்கத்தின் எடை அளவுக்கும் 'பாட்' என்றுதான் பெயர். ஒரு பாட் நகைத் தங்கம் 15.16 கிராம், கட்டியாக வாங்கினால் 15.244 கிராம். அதாவது நம் கணக்கில் இரண்டு பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. தரம் 96.5 சதவீதம், நம் 916-ஐவிட உயர்வு. அதனால் நகையின் மஞ்சள் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். அன்றைய விலையைத் தங்க வணிகர் சங்கம் அறிவிக்கும், எல்லாக் கடையிலும் பலகையில் எழுதியிருப்பார்கள். சேதாரம் என்று சதவீதம் போடுவதில்லை, செய்கூலி என்று ஒரு தொகை சேர்ப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் சுங்க விதியில் நகைக்கான வரிச்சலுகை வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான். ஐந்து நாள் போய் வருகிறவர்களுக்கு இல்லை. ஆகவே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை யாவரத் உங்களுக்குக் கொஞ்சம் சோதனைதான். கடல் உணவும் பன்றி இறைச்சியும்தான் பிரதானம். காய்கறி மட்டும் போட்டு வதக்கச் சொன்னாலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது உப்பு மாதிரி, அசைவக் கணக்கில் வராது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் 'เจ' என்று எழுதியிருக்கும் கடைகளைத் தேடுங்கள். 'ஜே' என்பார்கள். சீன வழிச் சைவம். முட்டை, பால் இல்லை, வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். எழுத்து படிக்க வராது என்றால் அதை போனில் படமாகச் சேமித்து வைத்துக்கொண்டு காட்டுங்கள். 'மங்சவிரத்' என்றால் அது வேறு, முட்டை இருக்கலாம். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், அநேகமாக அக்டோபரில், ஒன்பது நாள் சைவத் திருவிழா நடக்கும். அப்போது போனால் யாவரத் முழுக்க மஞ்சள் கொடிதான், கவலையே இல்லை. மற்ற நாட்களில் பழம், மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டும் அரிசிச் சோறு, வறுத்த கஷ்கொட்டை, மாதுளைச் சாறு என்று இரவை ஓட்டிவிடலாம்.

பதினொரு மணிக்கு மேல் யாவரத்தை விட்டுப் பூச்சந்தைக்குப் போங்கள். பெயர் பாக் க்லோங் தலாத். ஆற்றங்கரையில், மெமோரியல் பாலத்துக்குப் பக்கத்தில். பகலில் போனாலும் கடைகள் இருக்கும், ஆனால் அது வேறு சந்தை, சுற்றுலாப் பயணிகளும் ரோஜாக் கொத்துகளும். நள்ளிரவுக்கு மேல்தான் லாரிகள் வந்து இறங்கும். கூடை கூடையாக ஆர்க்கிட், தாமரை மொட்டு, பந்து பந்தாகச் செண்டுமல்லி, பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்டு அடைத்த மல்லி மொட்டு. மதுரை மாட்டுத்தாவணியும் கோயம்பேடும் பார்த்த நமக்கு இதில் என்ன புதுசு என்று தோன்றலாம். கிட்டப் போய்ப் பாருங்கள்.

அவர்கள் மாலை கட்டுகிற விதமே வேறு. நம் ஊரில் நாரில் முடிச்சுப் போட்டுத் தொடுப்போம். அங்கே ஒரு சாண் நீளத்துக்கு மேல் இருக்கும் ஊசி. அதில் வாசலினைத் தடவிக்கொண்டு, மல்லி மொட்டுகளை வட்ட வட்டமாகச் சுற்றிக் கோர்த்துக்கொண்டே வருவார்கள். ஊசி நிறைந்ததும் அப்படியே உருவி நூலுக்குத் தள்ளிவிட்டால் பூச்சரம் உருளையாக, வழவழவென்று வந்துவிடும். அதன் நுனியில் குஞ்சம். அந்தக் குஞ்சத்தில் வெள்ளையாக, மெழுகில் செய்த மாதிரி ஒரு பூ தொங்கும். அது எருக்கு. நம் ஊரில் பிள்ளையார் சதுர்த்திக்கு மட்டும் வேலியோரத்தில் தேடிப் பறிக்கிற அதே எருக்கம்பூ. அங்கே இதழை உரித்துவிட்டு நடுவில் இருக்கும் கிரீடம் போன்ற பகுதியை மட்டும் எடுத்து, கிலோக் கணக்கில் விற்கிறார்கள். கல்யாண மாலையிலும் அது கட்டாயம் உண்டு.

இன்னொரு வித்தியாசம், இவ்வளவு மல்லி விற்கிற ஊரில் தலையில் பூ வைத்த பெண்ணைத் தெருவில் பார்க்க முடியாது. மாலையெல்லாம் புத்தருக்கும், வீட்டு முன்னால் இருக்கும் காவல் தெய்வ மாடத்துக்கும், டாக்சிக் கண்ணாடிக்கும்தான். மல்லி விலை எகிறுவது ஆகஸ்ட் 12-ஐ ஒட்டி, அன்று அவர்களுக்கு அன்னையர் தினம், அம்மாவுக்கு மல்லிப்பூ கொடுப்பது வழக்கம். உங்கள் மனைவி ஒரு முழம் வாங்கித் தலையில் வைத்தால் பூக்காரம்மாக்கள் வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

பழைய பயணக் குறிப்புகளில் இந்தச் சந்தை நடைபாதை முழுக்கப் பரந்திருப்பதாக எழுதியிருக்கும். 2016-ல் மாநகராட்சி நடைபாதைக் கடைகளை அகற்றிக் கட்டிடங்களுக்குள் அனுப்பிவிட்டது. அதற்கு முந்தைய வருடம் ஓங் ஆங் கால்வாயின் மேலேயே கூரை போட்டு உட்கார்ந்திருந்த சபான் லெக் சந்தையை, பொம்மைக்கும் வீடியோ கேமுக்கும் பேர்போன இடம், அடியோடு எடுத்தார்கள். இப்போது அது கால்வாய்க்கரை நடைபாதை. ரட்சதா ரயில் இரவுச் சந்தை கொரோனா காலத்தில், 2021-ல் மூடியது. அதன் வண்ணக் கூரைப் படம் இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே எந்த இரவுச் சந்தைக்குக் கிளம்பினாலும் அன்றைக்கே வரைபடத்தில் சமீபத்திய படங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஊர் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

பூச்சந்தையிலிருந்து திரும்பும்போது மெட்ரோ இருக்காது. டாக்சி, அல்லது கிராப் செயலியில் கூப்பிடும் வண்டி.

வெள்ளிக்கிழமை சாம்பெங். உங்கள் கடைக்கு எதாவது தேறும் என்றால் இங்கேதான். அரசாங்கப் பெயர் சோய் வானிட் ஒன்று. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குப் புரியாது. இரண்டு பேர் கை நீட்டினால் இரு பக்கக் கடையையும் தொட்டுவிடலாம் என்கிற அகலம். அதற்குள் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி, அதன் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஸ்கூட்டர், நடுவில் ஐஸ் டீ விற்கிறவர். பின்னாலிருந்து குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள், சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரை வாக்கில் போனால் நிம்மதி. பதினொன்றுக்கு மேல் நீங்கள் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே நகர்த்திக்கொண்டு போய்விடும். ஐந்து மணிக்குக் கடை கட்டிவிடுவார்கள். பின்னிரவு ஒரு மணிக்கு மேல் விடியும்வரை தனியாக ஒரு மொத்த வியாபாரம் நடக்கும். அது ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கிற தாய் வியாபாரிகளுக்கானது. உங்களுக்குத் தேவையில்லை.

ஹேர் கிளிப், ரப்பர் பேண்டு, ரிப்பன், மணி, பாசி, கம்மல், கீசெயின், பரிசு சுற்றும் தாள், சின்னச் சின்னப் பைகள், ஸ்டிக்கர். எல்லாம் பாக்கெட் கணக்கு. ஆறு, அல்லது டஜன். அட்டையில் இரண்டு விலை எழுதியிருக்கும். பெரியது சில்லறை விலை, சின்னது மொத்த விலை. மூன்று எடுத்தாலே சில கடைகளில் மொத்த விலை போடுவார்கள், சில கடைகளில் ஒரே மாதிரி டஜன் எடுக்க வேண்டும், சில கடைகளில் கலந்து எடுக்கலாம். இதைத்தான் முதலில் கேட்க வேண்டும், விலையை அல்ல. "கலந்து எடுக்கலாமா?" என்பதைச் சைகையிலேயே கேட்டுவிடலாம். இரண்டு நிறத்தைக் கையில் எடுத்து ஒன்றாகக் காட்டினால் தலையாட்டுவார்கள் அல்லது கையை அசைப்பார்கள்.

ஒரு விஷயம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சாம்பெங் சரக்கில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருவது. அதே கிளிப், அதே பாக்கெட், சென்னை சௌகார்பேட்டையிலும் பாரிமுனையிலும் கிடைக்கும், சில சமயம் இதைவிடக் குறைவாக. கிளம்புவதற்கு முன்னால் நீங்கள் வழக்கமாக வாங்கும் ஐந்தாறு சரக்கின் கொள்முதல் விலையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ஒரு பாட் சுமார் இரண்டரை, மூன்று ரூபாய் என்று வைத்துப் பெருக்கினால் எது லாபம், எது வீண் சுமை என்று அங்கேயே தெரிந்துவிடும். தாய்லாந்திலேயே செய்கிற பொருளைப் பாருங்கள். மூக்கில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர், தைலம், மூலிகைச் சோப்பு, பழ வடிவச் சோப்பு, துணியில் செய்த யானைப் பர்ஸ். இவை நம் ஊரில் அவ்வளவாகப் பரவவில்லை.

பொம்மை மட்டும் வியாபாரத்துக்கு வாங்காதீர்கள். 2021 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைக்கு பி.ஐ.எஸ். தரச்சான்று கட்டாயம். அதே போல, ஒரே மாதிரி கிளிப் ஐம்பது டஜன் பெட்டியில் இருந்தால் சொந்த உபயோகம் என்று சுங்க அதிகாரி நம்ப மாட்டார். மாதிரிக்கு எடுத்து வாருங்கள். பிடித்துப்போனால் ஏற்றுமதி இறக்குமதிக்கான ஐ.இ.சி. எண் வாங்கி, முறையாகக் கார்கோவில் வரவழைக்கலாம். பெட்டியில் சரக்கு சுமந்து வந்து விற்கிற அந்தக் காலத்துக் குருவி வேலையை இன்றைக்கு நம்பி இறங்குவது தலைவலி.

இனி பேரம். நம் ஊரில் மாதிரி முந்நூறு சொன்னால் நூறுக்குக் கேட்கிற பழக்கம் இங்கே எடுபடாது. மொத்த விலைக் கடைகளில் எழுதியிருக்கும் விலைதான் விலை. அதிகம் எடுத்தால் கொஞ்சம் தட்டுவார்கள். சதுசாக்கிலும் மற்ற சந்தைகளிலும் பத்து இருபது சதவீதம் குறையும். சுற்றுலாப் பயணிகளையே நம்பியிருக்கும் பாட்பாங் போன்ற இரவுக் கடைகளில்தான் பாதிக்குக் கேட்கிற ஆட்டமெல்லாம். 'தாவ் ராய்' என்றால் என்ன விலை. 'லொட் தாய் மாய்' என்றால் குறைக்க முடியுமா. சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும். குரலை உயர்த்தினால், "நாலு கடை தள்ளிக் கம்மியாகத் தருகிறார்கள்" என்று மடக்கினால், அவர் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவார். கோபித்துக்கொண்டு நடக்கிற உத்திக்கும் அங்கே மதிப்பில்லை, போகிறவரைப் பெரும்பாலும் கூப்பிட மாட்டார்கள். கால்குலேட்டரில் அவர் ஒரு எண் அடிப்பார், நீங்கள் ஒரு எண் அடிப்பீர்கள், விலை படிந்தால் வாங்கியே ஆக வேண்டும். படிந்த பிறகு வேண்டாம் என்பது மரியாதை இல்லை.

காலையிலேயே போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கேயும் போணி உண்டு. முதல் வியாபாரத்தின் பணத்தை வாங்கியதும், அந்த நோட்டாலேயே கடையில் இருக்கும் சரக்கையெல்லாம் மளமளவென்று தட்டுவார்கள், மற்றதும் விற்றுப் போகட்டும் என்று. கிளிப்பு அட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகிற அம்மாவைப் பார்த்தால் உங்களுக்கு ஈரோட்டுக் கடையே ஞாபகம் வரும். கல்லாவுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டுக் கையை அசைத்துக் கூப்பிடுகிற ஒரு பெண் சிலை இருக்கும். நாங் குவாக், வாடிக்கையாளரை வரவழைப்பவள். எதிரில் ஸ்ட்ரா போட்ட சிவப்பு ஃபேன்டா பாட்டில் படையல். போணி செய்கிற ஆளுக்கு விலையில் கொஞ்சம் இளகிக் கொடுப்பதும் நம் ஊரைப் போலத்தான்.

சாம்பெங் சந்தில் மேற்கே கடைசிவரை நடந்தால் பஹுரத். துணிச் சந்தை, பஞ்சாபிகளின் கோட்டை. தெருவுக்கு ஐந்தாம் ராமா மன்னரின், சிறுவயதிலேயே இறந்துபோன மகளின் பெயர். சேலைத் துணி, லேஸ், ஜரிகை, திரைச்சீலை, தாய் நாட்டிய உடைக்கான கிரீடமும் கண்ணாடிக்கல் அட்டிகையும். சேலை நம் ஊரில் எடுப்பதுதான் உத்தமம். ஆனால் லேஸ், பட்டி, பட்டன் வகைகளைப் பார்க்கலாம். தங்கக் கும்மட்டத்தோடு உயரமாகத் தெரியும் குருத்வாராவில் காலையில் லங்கர் என்கிற பொதுச் சாப்பாடு நடக்கும், எல்லோருக்கும், சைவம், இலவசம். தலையை மறைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். உண்டியலில் எதாவது போடுவது நம் பொறுப்பு. ஆகவே வெள்ளிக்கிழமை இங்கே சாப்பிட்டுவிட்டு சாம்பெங்கைப் பின்னாலிருந்து தொடங்கினாலும் சரிதான். பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன் சாம் யோட்.

சனிக்கிழமை சதுசாக். ஆயிரக்கணக்கான கடைகள், 27 பகுதிகள். 1982-ல் அரண்மனை முன் மைதானமான சனாம் லுவாங்கிலிருந்து இங்கே மாற்றிய வாரச் சந்தை. இதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாக முடிக்கிறேன். மோ சிட் ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே தொடங்க வேண்டும். கம்பேங் ஃபெட் மெட்ரோவில் இறங்கினால் இரண்டாம் வாசல் நேராகச் சந்தைக்குள்ளேயே விடும். ஒன்பது மணிக்கு உள்ளே போய் ஒரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். தகரக் கூரை, நடுப்பகலில் கொதிக்கும். தொலைந்தால் நடுவில் இருக்கும் மணிக்கூண்டுதான் அடையாளம். 7-ஆம் பகுதியில் ஓவியங்கள், 26-ல் பழம்பொருட்கள். எது பிடித்தாலும் அப்போதே வாங்கிவிடுங்கள். "சுற்றிவிட்டு வருகிறேன்" என்றால் அந்தக் கடையைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது, அல்லது பகுதி எண்ணையும் சந்து எண்ணையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புத்தர் சிலை வாங்கினால் நாட்டை விட்டு எடுத்துவர நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கழுத்தில் அணியும் சின்ன வில்லைகளுக்குப் பிரச்சினை இல்லை. வெளியே சாலையைக் கடந்தால் ஓர் தோர் கோர் சந்தை. தாய்லாந்தின் சிறந்த பழங்கள் அங்கேதான், விலையும் அதற்கேற்ப. ஏப்ரல் மே என்றால் மாம்பழம், டுரியான் இரண்டும் சீசன். டுரியானை அங்கேயே தின்றுவிடுங்கள், ஹோட்டலுக்கும் மெட்ரோவுக்கும் கொண்டுபோக விட மாட்டார்கள்.

மாலை ஆறு மணிக்கு ஸ்டேஷனிலோ பூங்காவிலோ இருந்தால் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். நடப்பவர்கள் அப்படியே நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள். காலை எட்டு மணிக்கும் இதே வழக்கம்.

ஞாயிறு கால்களுக்கு ஓய்வு. மிதக்கும் சந்தை பார்க்க வேண்டும் என்றால் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டாம்னோன் சதுவக் வேண்டாம் என்பேன். படகில் உட்கார வைத்து, கடை கடையாக நிறுத்தி, யானைப் படம் போட்ட பேன்ட்டை இரட்டை விலைக்கு விற்கிற இடமாகிவிட்டது. நகர எல்லைக்குள்ளேயே தலிங் சான், க்லோங் லாட் மயோம் என்று வார இறுதிச் சந்தைகள் கால்வாயோரம் நடக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் குடும்பத்தோடு சாப்பிட வருகிறவை. தண்ணீரில் படகுகள் குறைவு, சாப்பாடு அதிகம்.

மாலையில் சீலோம் மாரியம்மன் கோவிலுக்குப் போங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டியது. தாய் மக்கள் வாட் கேக் என்பார்கள். நம் ஊர்க் கோபுரம், நம் ஊர் அர்ச்சனை, வரிசையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் தாய் மக்கள். வெளியே நடைபாதையில் செண்டுமல்லி மாலையும் தேங்காயும் பழமும் வைத்த தட்டு விற்கும் கடைகள். நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலம் வரும்போது சீலோம் சாலையையே மூடிவிடுவார்கள், தெரு நெடுகச் செண்டுமல்லி மேடைகள் போட்டுத் தேங்காய் உடைப்பார்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

திங்கள் காலை பிரதுனாம். நம் ஆட்கள் பாங்காக் என்றாலே இதைத்தான் சொல்வார்கள். இந்திய ஹோட்டல், இந்திய மெஸ், கார்கோ ஆபீஸ் எல்லாம் அந்தச் சந்துகளிலேயே இருக்கும். உடுப்பு மொத்த வியாபாரம். ஏசி வேண்டும் என்றால் பிளாட்டினம் மால், வியர்த்தாலும் பரவாயில்லை, விலை குறைய வேண்டும் என்றால் பையோக் கட்டிடத்தைச் சுற்றிய சந்துகளும் தெருக்கடைகளும். அதிகாலையிலேயே தெருக்கடைகள் தொடங்கிவிடும், வெயில் ஏறுவதற்குள் நல்ல சரக்கு போய்விடும். மூன்று உருப்படி எடுத்தால் மொத்த விலை என்பது இங்கே எழுதாத சட்டம், ஒரே டிசைனில் அளவை மாற்றி எடுத்தாலும் கணக்கில் சேர்ப்பார்கள். போட்டுப் பார்க்கப் பெரும்பாலும் விட மாட்டார்கள், அளவு நாடா கொண்டு போங்கள். அவர்களின் எக்ஸ்எல் நம் எல்லுக்கும் குறைவாகத்தான் இருக்கும்.

பிரதுனாம் முனையில் போக்குவரத்து நகராது. டாக்சியில் ஏறி உட்கார்ந்து மீட்டர் ஓடுவதைப் பார்ப்பதைவிட, பாலத்துக்குக் கீழே இறங்கி சேன் சேப் கால்வாய்ப் படகைப் பிடியுங்கள். மூன்றாம் ராமா மன்னர் 1837-ல் போர்ப் படைகளை அனுப்ப வெட்டத் தொடங்கிய கால்வாய். இன்று அலுவலகம் போகிறவர்களின் பஸ். டிக்கெட் சில்லறைக் காசுதான். நடத்துநர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் வெளி விளிம்பில் நடந்து வந்து காசு வாங்குவார். எதிரே இன்னொரு படகு வந்தால் தண்ணீர் தெறிக்கும், ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்தால் பிளாஸ்டிக் திரை மேலேறும். அந்தத் தண்ணீர் முகத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஓரத்தில் உட்கார்ந்தால் கயிறு உங்கள் பொறுப்பு.

ஏமாற்று வேலை பாங்காக்கில் குறைவு, ஆனால் ஒரு பழைய நாடகம் இன்னும் ஓடுகிறது. அரண்மனைப் பக்கம் நல்ல உடையில் ஒருவர் வந்து, "இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, இருபது பாட்டுக்கு டுக் டுக்கில் வேறு கோவில்கள் காட்டுகிறேன்" என்பார். அந்த டுக் டுக் கடைசியில் ஒரு ரத்தினக்கடையிலோ தையல் கடையிலோ போய் நிற்கும். கல் வாங்கி ஊரில் விற்றால் இரட்டிப்பு என்பார்கள். கும்பிடு போட்டுவிட்டு நேராக வாசலுக்கே போய்ப் பாருங்கள், திறந்துதான் இருக்கும்.

காசு நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். க்யூஆர் எல்லாக் கடையிலும் தொங்கும், ஆனால் அது பெரும்பாலும் தாய் வங்கிக் கணக்குக்கு. ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் தள்ளுவண்டிக்காரரும் டாக்சிக்காரரும் சில்லறை இல்லை என்பார்கள். செவன் லெவன் கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி மாற்றிக்கொள்ளலாம். மாலில் ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கினால் வாட் வரித் திருப்பத்துக்கான படிவம் கேளுங்கள். சந்தைக் கடைகளுக்கு அது கிடையாது.

பெட்டி கட்டும்போது ஒன்று. தாய் மிளகாய் விழுது, தைலம், தேன், தேங்காய்ப்பால் டப்பா எல்லாம் விமான நிலையத்தில் திரவக் கணக்கில்தான் வரும். கைப்பையில் வைத்தால் எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். செக்-இன் பெட்டியில், இரண்டு பிளாஸ்டிக் பை சுற்றி, துணிகளுக்கு நடுவில் வையுங்கள்.